ஏர்ஹோஸ்டஸ் யூனியன் எல்லாம் எதுக்கு இவ்ளோ சண்டை போடுது, அந்த வேலைல உடம்புக்கு நிஜமாவே ஆபத்து இருக்கா?

நீங்க கேட்டதுல ரெண்டு விஷயம் இருக்கு. 2025 ஆகஸ்ட் ஏர் கனடா ஸ்ட்ரைக்ல டொரண்டோல மாட்டிக்கிட்டீங்க, அதனால "ஓசில ஊர் சுத்தறாங்க, ஸ்டார் ஹோட்டல்ல தங்கறாங்க, இன்னும் என்னதான் வேணுமாம்"னு ஒரு கோபம். இன்னொண்ணு, உங்க அக்கா பொண்ணு அங்கயே கேபின் க்ரூ வேலைக்கு அப்ளை பண்ணியிருக்கா, அந்த வேலைக்கு போனா கேன்சர் வரும்னு யாரோ கொளுத்தி போட்டுட்டாங்க, அது நிஜமான்னு ஒரு பயம். ரெண்டையும் சேர்த்தே சொல்றேன். இந்த யூனியன்கள் விவகாரத்தை ரொம்ப நாளா ஃபாலோ பண்றவன் நான், எனக்கு சம்பளமும் உடம்பும் ரெண்டு தனி சண்டையா தெரியல. கம்பெனி எதை அளந்து எழுதி வைக்குதோ அதுக்குத்தான் காசு, அதுக்குத்தான் நஷ்டஈடு. எழுதாம விட்டது நடக்கவே இல்லன்னு ஆயிடும். யூனியன் வேலைல முக்கால்வாசி எழுத வைக்கறதுதான்.

முதல்ல காசு. வட அமெரிக்கால கேபின் க்ரூவுக்கு மணிக்கணக்குல சம்பளம், ஆனா அந்த மணி எப்போ ஓட ஆரம்பிக்குதுங்கறதுதான் கூத்து. பொதுவா விமானம் கேட்டை விட்டு நகரும்போது ஆரம்பிச்சு, போய் சேர்ந்த ஊர்ல கேட்ல நிக்கும்போது முடியும். இதுதான் பிளாக் டைம். அப்போ நீங்க உள்ள ஏறும்போது சிரிச்சு வரவேற்கறது, உங்க பெட்டிய மேல தள்ள உதவறது, பாதுகாப்பு உபகரணம் எல்லாம் செக் பண்றது, வீல்சேர்ல வர்றவங்கள உக்கார வைக்கறது, லேட்டாகி கேட்ல நிக்கற விமானத்துல பொறுமை போன முந்நூறு பேர்கிட்ட திட்டு வாங்கறது, இதெல்லாம் ஓசி வேலை. பெர் டியம்னு சாப்பாட்டுக்கு ஒரு சின்ன தொகை ஓடும், அவ்வளவுதான். கனடால கியூப்னு ஒரு யூனியன், ஏர் கனடா க்ரூவும் அதுலதான், தன்னோட க்ரூகிட்ட சர்வே எடுத்தப்போ மாசத்துக்கு சராசரியா 35 மணி நேரம் இப்படி சம்பளமில்லாம போகுதுன்னு வந்துச்சு. கிட்டத்தட்ட ஒரு வார வேலை. கம்பெனிங்க பக்க வாதமும் உண்டு, "தரையில செய்யற வேலைக்கும் சேர்த்துதான் மணிக்கூலிய அதிகமா வச்சிருக்கோம்"னு சொல்வாங்க. பல வருஷ சீனியருக்கு அது ஓரளவு சரி. புதுசா சேர்றவங்களுக்கு கொஞ்சமும் சரியில்ல, அவங்க மணிக்கூலியே அடிமட்டத்துல இருக்கும், ரிசர்வ்ல போட்டு வேற வச்சிருப்பாங்க, போன் எப்போ அடிக்கும்னு பாத்துக்கிட்டே வீட்ல உக்காந்திருக்கணும்.

ஏர் கனடா கதை இதுலதான் வெடிச்சது. ஏர் கனடாவும் ரூஜ்ங்கற அதோட மலிவு விமானக் கம்பெனியும் சேர்த்து 10,000 பேருக்கு மேல க்ரூ. அவங்க பழைய கான்ட்ராக்ட் பத்து வருஷத்துக்கு போட்டது, 2025 மார்ச் 31-ல முடிஞ்சுது. பத்து வருஷம்னா நடுவுல கோவிட் வந்து போச்சு, வாடகை எங்கயோ போயிடுச்சு, ஆனா சம்பள டேபிள் பழையதுதான். பேச்சுவார்த்தை இழுத்துக்கிட்டே போய் கடைசில ஸ்ட்ரைக் ஓட்டு எடுத்தாங்க, 99.7 சதவீதம் ஆதரவு. எந்த யூனியன்லயும் இப்படி ஒரு நம்பர் சும்மா வராது. கம்பெனி நாலு வருஷத்துல மொத்த பலன் 38 சதவீதம் ஏறும்னு பேப்பர்ல எல்லாம் சொல்லிச்சு. அந்த நம்பருக்குள்ள பென்ஷன், சலுகை எல்லாத்தையும் சேர்த்து கலக்கி வச்சிருந்தாங்க, தரை வேலைக்கும் பாதி ரேட்தான் தர்றோம்னாங்க, யூனியன் ஏத்துக்கல.

ஆகஸ்ட் 16 அதிகாலை ஒரு மணிக்கு ஸ்ட்ரைக் ஆரம்பிச்சது. பன்னெண்டு மணி நேரம் கூட ஆகல, வேலைவாய்ப்பு அமைச்சர் பாட்டி ஹைடு கனடா லேபர் கோட்ல 107-வது பிரிவை எடுத்து வீசிட்டாங்க. எல்லாரும் வேலைக்கு திரும்பு, மீதிய ஆர்பிட்ரேட்டர் முடிவு பண்ணுவாருன்னு அர்த்தம். இதே பிரிவை 2024-லயே ரயில்வே, துறைமுகம், கனடா போஸ்ட்னு வரிசையா போட்டிருந்தாங்க, அதனால முதலாளிங்க பக்கம் ஒரு தைரியம் வந்துடுச்சு, எப்படியும் கவர்ன்மென்ட் வந்து நிறுத்திடும், நாம எதுக்கு இறங்கி பேசணும்னு. இந்த தடவை அந்த கணக்கு தப்பா போச்சு. தொழில் உறவு வாரியம் ஆகஸ்ட் 17 மதியம் ரெண்டு மணிக்குள்ள வேலைக்கு வாங்கன்னு உத்தரவு போட்டுச்சு, ஒருத்தரும் போகல. மறுநாள் இது சட்டவிரோத ஸ்ட்ரைக்னு அறிவிச்சாங்க, அப்பவும் போகல. கியூப் தேசியத் தலைவர் மார்க் ஹான்காக் ஜெயிலுக்கு போகணும்னா போறோம்னு பிரஸ் மீட்லயே சொன்னார். 19-ம் தேதி விடிகாலைல வில்லியம் கப்லன்னு ஒரு மீடியேட்டர் நடுவுல உக்காந்து ஒப்பந்தம் முடிஞ்சுது. அந்த மூணு சொச்சம் நாள்ல கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் பயணிகள் பாதிப்பு, அதுல நீங்களும் ஒருத்தர், உங்க கோபம் நியாயம்தான். ஆனா அந்த கோபத்துல பாதியாவது பத்து வருஷம் ஒரே டேபிளை வச்சு ஓட்டினவங்க மேலயும் போகணும்னு நினைக்கறேன்.

என்ன கிடைச்சுதுன்னா, தரை நேரத்துக்கு முதல் தடவையா காசு. சின்ன விமானத்துக்கு 60 நிமிஷம், பெரிய வைட்பாடிக்கு 70 நிமிஷம், மணிக்கூலில பாதியில ஆரம்பிச்சு வருஷா வருஷம் 5 சதவீதம் ஏறும். முதல் வருஷ சம்பள உயர்வு ஜூனியருக்கு 12 சதவீதம், மத்தவங்களுக்கு 8. இங்கதான் வேடிக்கை, இந்த சம்பளப் பகுதிய மட்டும் க்ரூகிட்ட ஓட்டுக்கு விட்டப்போ 99.1 சதவீதம் பேர் வேணாம்னு குத்தினாங்க. ஆனா மறுபடி ஸ்ட்ரைக் பண்ண முடியாது, ஓட்டு தோத்தா அந்த ஒரு பகுதி மீடியேஷனுக்கும் ஆர்பிட்ரேஷனுக்கும் போகும்னு முன்னாடியே ஒத்துக்கிட்டு இருந்தாங்க. அதனால முழு வெற்றின்னு கொண்டாடறவங்க சொல்றதையும் நம்பாதீங்க, ஏமாந்துட்டாங்கன்னு சொல்றவங்களையும் நம்பாதீங்க. தரை நேரம்னு ஒரு வரி கான்ட்ராக்ட்ல ஏறிடுச்சு. ரேட்டு பத்தாதுன்னா அடுத்த தடவை அதை ஏத்தச் சொல்லி கேக்கலாம், வரியே இல்லாதப்போ கேக்கறதுதான் கஷ்டம்.

அமெரிக்கால இதுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுட்டாங்க. சிரிப்பா இருக்கும், போர்டிங்க்கு பாதி சம்பளம் முதல்ல தந்த பெரிய கம்பெனி டெல்டா, 2022-ல. அங்க க்ரூவுக்கு யூனியனே கிடையாது! யூனியன் வேணும்னு ஏஎஃப்ஏங்கற அமெரிக்க கேபின் க்ரூ யூனியன் அங்க ஆள் சேர்த்துட்டு இருந்த நேரம் அது, அந்த பயத்துலதான் கொடுத்தாங்கன்னு ஏஎஃப்ஏ சொல்லுது, எனக்கும் அப்படித்தான் படுது. 2024-ல சவுத்வெஸ்ட் க்ரூவுக்கு உடனடியா 22 சதவீத உயர்வும் சம்பளத்தோட பிரசவ லீவும், அதே வருஷம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ்ல ஏபிஎஃப்ஏ யூனியன் போர்டிங் சம்பளத்தோட புது ஒப்பந்தம், 87 சதவீதம் பேர் ஆதரவு. யுனைடெட்ல 2025 ஜூலைல யூனியன் கொண்டு வந்த ஒப்பந்தத்தையே 71 சதவீதம் பேர் தூக்கி போட்டாங்க, தலைவர்கள் சரின்னு சொன்னாலும் கீழ இருக்கறவங்க சரின்னு சொல்லணுமே. ஆனா ஒண்ணு, அமெரிக்கால நினைச்ச உடனே ஸ்ட்ரைக் கிடையாது. ரயில்வே லேபர் ஆக்ட்னு 1926 சட்டம், பின்னாடி விமானத்துக்கும் நீட்டிட்டாங்க, இனி பேசி பிரயோஜனமில்லன்னு அரசோட மீடியேஷன் போர்டு விடுவிக்கணும், அப்புறம் 30 நாள் ஆறப்போடணும், அப்புறம்தான் ஸ்ட்ரைக். வருஷக்கணக்குல இழுக்கும். அதுக்குத்தான் 1993-ல அலாஸ்கா ஏர்லைன்ஸ்ல கேயாஸ்னு ஒரு வித்தை பண்ணாங்க, மொத்தமா நிறுத்தாம எந்த ஃப்ளைட்னு சொல்லாம திடீர் திடீர்னு ஒண்ணு ரெண்டை மட்டும் நிறுத்தறது. நிறுத்தினது மொத்தமே ஏழு ஃப்ளைட்தான், ஆனா அடுத்து எதுன்னு தெரியாம ஜனங்க டிக்கெட் போடவே பயந்தாங்க.

இப்போ உடம்பு விஷயம். இதுல தொடக்கம் சிகரெட்டு. உங்க வயசுக்கு ஞாபகம் இருக்கும், விமானத்துக்குள்ளயே புகைக்கலாம், கடைசி சில வரிசை ஸ்மோக்கிங் செக்ஷன், புகைக்கு வரிசை நம்பர் தெரியுமா என்ன. க்ரூ வருஷக்கணக்கா கத்தினாங்க, நிரூபி நிரூபின்னு சொல்லி இழுத்தடிச்சாங்க. 1988-ல ரெண்டு மணி நேரத்துக்கு உட்பட்ட உள்நாட்டு ஃப்ளைட்ல மட்டும் தடை, 1990-ல ஆறு மணி நேரம் வரைக்கும், அமெரிக்காவுக்கு வர்ற போற எல்லா ஃப்ளைட்டுக்கும் தடை வர 2000 ஆச்சு. நடுவுல 1991-ல நார்மா ப்ரோயின்னு ஒரு பணிப்பெண், வாழ்க்கைல சிகரெட்டே தொடாதவங்க, முப்பத்திரண்டு வயசுல நுரையீரல் கேன்சர் வந்து, சிகரெட் கம்பெனிகள் மேல தன்னை மாதிரி எல்லாருக்குமா சேர்த்து கேஸ் போட்டாங்க. 1997-ல 30 கோடி டாலருக்கு செட்டில்மெண்ட், அந்த பணம் தனி ஆளுங்க கைக்கு போகல, ஆராய்ச்சி அறக்கட்டளை ஒண்ணுக்கு போச்சு. ஹார்வர்டுல க்ரூ உடல்நலத்த பத்தி நடந்த பெரிய ஆய்வுக்கே அந்த அறக்கட்டளை காசு கொடுத்திருக்கு.

அந்த ஆய்வுதான் உங்க அக்கா பொண்ணு விஷயத்துல யாரோ அரைகுறையா படிச்சுட்டு பயமுறுத்தினது. 2018-ல வந்துச்சு, 5,366 அமெரிக்க க்ரூ. மார்பக கேன்சர் இருந்ததா சொன்ன பெண்கள் 3.4 சதவீதம், அதே வயசு பொது ஜனத்துல 2.3 சதவீதம். மெலனோமாங்கற ஆபத்தான வகை இல்லாத மத்த தோல் கேன்சர் 7.4-க்கு 1.8, இது பெரிய வித்தியாசம். இதைப் படிக்கும்போது ரெண்டு விஷயம் மனசுல வச்சுக்கணும். இது அவங்களே ஃபார்ம்ல எழுதிக் கொடுத்த தகவல். அப்புறம், காரணம் இதுதான்னு அந்த ஆய்வு பிரிச்சு சொல்லல. வானத்துல இருந்து வர்ற காஸ்மிக் கதிர்வீச்சா, ராத்திரி பகல் மாறி மாறி தூங்கறதா, பழைய புகையா, கேபின்ல அடிக்கற பூச்சி மருந்தா, எல்லாம் கலந்து கிடக்கு. ஆபத்து கூடுதல், அது உண்மை, ஆனா 100 பேர்ல 97 பேருக்கு மார்பக கேன்சர் வரலன்னும் அதே நம்பர்ல எழுதியிருக்கு. வேலைக்கு போனா கேன்சர் வரும்னு யாராவது சொன்னா இதை காட்டுங்க.

கதிர்வீச்சுல என்னை எரிச்சல் பண்றது வேற. முப்பத்தஞ்சாயிரம் அடில காத்து மெலிசு, காஸ்மிக் கதிரை தடுக்க கீழ இருக்கற மாதிரி ஒண்ணும் இல்ல, துருவத்து பக்கம் போற ரூட்ல இன்னும் ஜாஸ்தி. அமெரிக்க விமான க்ரூவுக்கு வருஷம் சராசரியா சுமார் 3 மில்லிசீவர்ட்னு (உடம்பு வாங்கற கதிர்வீச்சை அளக்கற அளவு) கணக்கு போட்டிருக்காங்க, இது அணு உலைல வேலை பாக்கறவங்க சராசரியை விட அதிகம். ஆனா அணு உலைக்காரர் சட்டைல டோஸ் அளக்கற பேட்ஜ் இருக்கும், கேபின் க்ரூ சட்டைல பேர் பேட்ஜ்தான் இருக்கும். ஐரோப்பால வருஷத்துக்கு 1 மில்லிசீவர்ட் தாண்ட வாய்ப்பிருந்தா க்ரூ டோஸை கம்பெனி கணக்கு போட்டே ஆகணும், ரோஸ்டர் போடும்போது அதையும் பாக்கணும்னு சட்டம் இருக்கு. அமெரிக்கால கதிர்வீச்சுக்கு ஆளாகற தொழில்னு ஒத்துக்கிட்டாங்க, ஆலோசனை வரம்பு சொல்றாங்க, கணக்கு வைக்கணும்னு கட்டாயம் கிடையாது. கர்ப்பமா இருந்தா மொத்தம் 1 மில்லிசீவர்ட், மாசம் 0.5 தாண்டக்கூடாதுன்னு பரிந்துரை. ஆனா அளக்கலன்னா தாண்டினது எப்படி தெரியும்?

அடுத்தது காத்து. பெரும்பாலான ஜெட் விமானத்துல நீங்க மூச்சு விடற வெளிக்காத்து எஞ்சின் கம்ப்ரெஸர்ல இருந்து எடுத்து குளிர வச்சு அனுப்பறது, பிளீட் ஏர்ம்பாங்க. சீல் சரியில்லாம எஞ்சின் ஆயில் கொஞ்சம் கசிஞ்சா அந்த சூட்டுல ஆவியாகி நேரா கேபினுக்குள்ள. ஊறின சாக்ஸ் நாத்தம், ஈர நாய் நாத்தம்னு க்ரூ சொல்வாங்க. ஹெப்பா ஃபில்டர் தூசியையும் கிருமியையும் பிடிக்கும், வாயுவை பிடிக்காது. ஆயில்ல டிசிபின்னு ஒரு ரசாயனம் இருக்கு, நரம்பை பாதிக்கக்கூடியது. போயிங் 787-ல மட்டும் எஞ்சின்ல இருந்து எடுக்காம மின்சார கம்ப்ரெஸர் வச்சு வெளிக்காத்தை நேரா இழுக்கறாங்க, அப்போ வேற வழி இருக்குன்னுதானே அர்த்தம். இதனால வர்ற தலைவலி, மறதி, நடுக்கத்துக்கு ஏரோடாக்ஸிக் சிண்ட்ரோம்னு ஒரு பேர் சொல்றாங்க, மருத்துவ உலகம் அதை தனி நோயா ஏத்துக்கல, சண்டை இன்னும் ஓயல. ஆனா கோர்ட்ல ஒரு கேஸ் ஜெயிச்சிருக்கு. ஆஸ்திரேலியால 1992-ல ஒரு பிஏஇ 146 விமானம், சிட்னில இருந்து பிரிஸ்பேன், இறங்கற நேரத்துல கேபின் முழுக்க புகை, அதுல இருந்த ஒரு பணிப்பெண்ணுக்கு விடாத இருமல். கேஸ் 2010 வரைக்கும் போய் கடைசில நஷ்டஈடு கிடைச்சது. பதினெட்டு வருஷம்! அந்த அம்மாவோட பொறுமைய விடுங்க, எத்தனை பேர் நடுவுல விட்டுட்டு போயிருப்பாங்க.

இதுல அடிப்படை தடை என்னன்னா, நாத்தம் வந்தப்போ அளக்க கேபின்ல கருவி கிடையாது, இறங்கினப்புறம் ரத்தம் எடுக்கலாம்னா பல மணி நேரம் போயிருக்கும், கம்பெனி ரிப்போர்ட்ல "லேசான வாசனை"ன்னு ஒரு வரி. அதனாலதான் 2024 மே மாசம் அமெரிக்கா பாஸ் பண்ண எஃப்ஏஏ (அமெரிக்க விமானத்துறை ஆணையம்) சட்டத்துல, புகை நாத்தம் சம்பவத்தை க்ரூ, பைலட், மெக்கானிக் எல்லாரும் ஒரே மாதிரி ஃபார்ம்ல பதிவு பண்ண ஒரு வழி உண்டாக்கணும்னு யூனியன்கள் சேர்க்க வச்சாங்க. பாக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும், என்னை கேட்டா அந்த சட்டத்துல க்ரூவுக்கு கிடைச்சதுல பெருசு அதுதான்.

யூனிஃபார்ம் கதைய கேட்டா சிரிக்கறதா அழறதான்னு தெரியாது. 2016-ல அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ட்வின் ஹில்ங்கற கம்பெனி தச்ச புது யூனிஃபார்ம் 70,000 பேருக்கு கொடுத்துச்சு, ஆயிரக்கணக்குல க்ரூ தோல் அரிப்பு, மூச்சு திணறல், தலைவலின்னு ஏபிஎஃப்ஏ கிட்ட புகார். டெஸ்ட் பண்ணோம், துணி பாதுகாப்பானதுன்னே கம்பெனி சொல்லிட்டு இருந்துச்சு. இதே ட்வின் ஹில் 2011-ல அலாஸ்காவுக்கு கொடுத்தப்பவும் இதே புகார்தான், ஹார்வர்டு ஆளுங்க பின்னாடி டேட்டாவை பாத்தப்போ யூனிஃபார்ம் வந்தப்புறம் புகார் ஏறினது தெரிஞ்சுது. அமெரிக்கன் கடைசில 2020-ல வேற கம்பெனிக்கு மாறிச்சு. 2023 நவம்பர்ல கலிஃபோர்னியால ஜூரி நாலு பேருக்கு சேர்த்து 10 லட்சம் டாலருக்கு மேல ட்வின் ஹில் தரணும்னு சொல்லிட்டாங்க. புகார் எல்லாத்தையும் தேதி போட்டு எடுத்து வச்சது யூனியன்தான்.

இன்னொரு கொடுமை தெரியுமா, அமெரிக்கால மத்த தொழிலாளிக்கு இருக்கற ஓஷாங்கற வேலையிட பாதுகாப்பு சட்டம் கேபின் க்ரூவுக்கு பல பத்து வருஷமா இல்லவே இல்ல. விமானத்துக்குள்ள எல்லாம் எங்க அதிகாரம்னு 1975-ல எஃப்ஏஏ சொல்லிட்டு, ஆனா அவங்க தனியா விதியும் போடல. 2013-ல தான் ரசாயனம் பத்தின தகவல், ரத்தத்துல பரவற கிருமி, காது பாதுகாப்புன்னு மூணே மூணு விஷயத்துக்கு ஓஷாவை உள்ள விட்டாங்க. தூக்கமும் அப்படித்தான். ரெண்டு டியூட்டிக்கு நடுவுல 9 மணி நேர ஓய்வு, அதையும் 8 ஆக்கலாம்னு இருந்துச்சு. அதுல இறங்கி, வேன் பிடிச்சு, ஹோட்டல் போய், குளிச்சு, சாப்ட்டு, திரும்ப மேக்கப் போட்டு வரணும்னா தூக்கம் எங்க. 10 மணி நேரம், குறைக்கவே கூடாதுன்னு 2018-ல சட்டம் வந்தும் எஃப்ஏஏ விதி போட 2022 அக்டோபர் ஆச்சு.

டர்புலன்ஸ்ல அதிகமா அடிபடறதும் க்ரூதான், நீங்க பெல்ட் போட்டிருப்பீங்க, அவங்க வண்டி தள்ளிட்டு இருப்பாங்க. சவுத்வெஸ்ட் 2024 டிசம்பர்ல இருந்து இறங்கும்போது 10,000 அடிக்கு பதில் 18,000 அடிலயே சர்வீஸை நிறுத்த சொல்லிட்டாங்க. காபி சீக்கிரமே நிறுத்திட்டாங்கன்னு கோச்சுக்காதீங்க.

நம்ம ஊர்ல எல்லாம் இது இல்லையான்னு கேட்டா, இருக்கு. முதல் கர்ப்பத்துலயே வேலை போகும்னு ஏர் இந்தியால விதி இருந்துச்சு, 1981-ல நர்கேஷ் மீர்சா கேஸ்லதான் சுப்ரீம் கோர்ட் அதை தூக்கிச்சு. ஆனா நாலு வருஷத்துக்குள்ள கல்யாணம் பண்ணக்கூடாதுங்கறத அதே தீர்ப்பு சரின்னு விட்டுச்சு. 2024 மே மாசம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் க்ரூ மொத்தமா சிக் லீவ் போட்டு, நூத்துக்கும் மேல ஃப்ளைட் ரத்தாகி, வேலைய விட்டு தூக்கினவங்கள தலைமை லேபர் கமிஷனர் முன்னாடி உக்காந்து பேசி திரும்ப எடுத்தாங்களே, அதுவும் இதே குடும்பம்தான்.

அக்கா பொண்ணு விஷயத்துக்கு வர்றேன். போகட்டும், தாராளமா போகட்டும். ஆஃபர் லெட்டர்ல மணிக்கூலிய மட்டும் பாக்காம மாசத்துக்கு எத்தனை மணி கியாரண்டி, ரிசர்வ் எத்தனை மாசம், தரை நேரத்துக்கு என்ன ரேட்னு கேக்க சொல்லுங்க. புது ஆளுங்களுக்கு மாசம் 2,000 கனடா டாலர் கூட தேறலன்னு அந்த ஸ்ட்ரைக் சமயத்துல யூனியன் சொன்னதை மனசுல வச்சு வாடகைக்கு வீடு பாக்கட்டும். பறந்த ரூட்டை எல்லாம் தானே ஒரு எக்ஸெல்ல போட்டு வச்சுக்கட்டும், எஃப்ஏஏவோட கேரி-7 கால்குலேட்டர் ஓசில இருக்கு, அதுல தேதி, ஊர், உயரம் போட்டா டோஸ் வரும். வருஷத்துக்கு ஒரு தடவை தோல் டாக்டரை பாக்கணும். குழந்தை பத்தி யோசிக்கற நேரம் வந்தா சீக்கிரமே சூப்பர்வைசர்கிட்ட சொல்லணும், நியோஷ்ங்கற அமெரிக்க அரசு தொழில் சுகாதார நிறுவனத்தோட ஆய்வுல முதல் மூணு மாசத்துல டோஸ் அதிகமானவங்களுக்கும், தன் ஊர் தூங்கற நேரத்துல நிறைய வேலை பாத்தவங்களுக்கும் கருச்சிதைவு அதிகமா இருந்துச்சு, நிறைய பேர் மூணு மாசம் கழிச்சுதான் சொல்றாங்க. விமானத்துல சாக்ஸ் நாத்தம் மாதிரி ஏதாவது வந்தா, அன்னைக்கே, விமான நம்பர், நேரம், எந்த கேல்லி (விமான சமையலறை) பக்கம், யார் யாருக்கு தலை சுத்திச்சு, எல்லாம் எழுதி கம்பெனிக்கு ஒண்ணு, யூனியனுக்கு ஒண்ணு. இறங்கின உடனே டாக்டர்கிட்ட போகணும், மறுநாள் இல்ல.